நான்கு நிமிடமும் ஒரு ரசீதும்

நடுவர் அவர்களுக்கும் எதிரணியினருக்கும் அவையோருக்கும் வணக்கம். மொழிபெயர்ப்பில் நமக்குக் கிடைக்கும் ஜப்பானியக் குற்றப் புனைவில் வாசகரைப் பெரிதும் ஈர்ப்பது புதிரா, சமூகமா என்ற தலைப்பில், சமூகமே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், புதிர் கணக்கைப் போன்றது, எந்த மொழிக்குப் பெயர்த்தாலும் அதில் எதுவும் குறையாது, ஆகவே சேதமில்லாமல் நம் கைக்கு வந்து சேர்வது அது ஒன்றே என்றார். அழகான வாதம்தான். ஆனால், எல்லா ஊரிலும் ஒரே மாதிரி கிடைக்கும் சரக்கை வாங்க நாம் ஏன் ஜப்பான் வரைக்கும் போக வேண்டும் என்பதை அவர் சொல்லவே இல்லை.

உண்மையில் புதிர்க்கதை ஜப்பானுக்கே கடல் கடந்து வந்ததுதான். அங்கே அதை வேரூன்றச் செய்தவர்களுள் முதன்மையானவரான ஹிராய் தாரோ, அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் பெயரை ஜப்பானிய நாவுக்கேற்ப மாற்றி, எடோகாவா ரம்போ என்று தமக்குச் சூட்டிக்கொண்டவர். புதிர்மரபுக்கு மறுவாழ்வு தந்ததாகப் போற்றப்படும் யுகிடோ அயாட்சுஜியின் நாவல் 1987இல் வெளிவந்தது. அதில் தீவுக்குப் போகும் கல்லூரி மாணவர்கள் ஒருவரையொருவர் எல்லரி, அகதா, கார் என்று மேலை எழுத்தாளர்களின் பெயராலேயே அழைத்துக்கொள்கிறார்கள். பூட்டிய அறைக்குள் நடக்கும் கொலையையும் தனித்த தீவையும் ஜப்பானிய எழுத்தாளர்கள் திறம்படக் கையாண்டார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவை மட்டுமே போதும் என்பவருக்கு அகதா கிறிஸ்டியின் புத்தக அடுக்கே ஆயுளுக்கும் போதும்.

எதிரணியின் துருப்புச்சீட்டு, 1950களின் இறுதியில் செய்ச்சோ மட்சுமோட்டோ எழுதிய 'புள்ளிகளும் கோடுகளும்'. டோக்கியோ நிலையத்தின் 13ஆம் நடைமேடையில் நிற்பவருக்கு, இடையில் வேறு ரயில் எதுவும் மறைக்காமல் 15ஆம் நடைமேடை கண்ணில் படுவது மாலையில் நான்கே நிமிடம். ரயில்வே கால அட்டவணையை வைத்து நெய்த அந்தப் புதிரை நண்பர் வியந்து வியந்து விளக்கினார். நானும் வியக்கிறேன். ஆனால் அந்த நான்கு நிமிடத்தை நம்பி ஒருவர் திட்டம் தீட்ட வேண்டுமானால், ரயில்கள் நிமிடம் பிசகாமல் ஓடும் நாடொன்று அவருக்கு முதலில் வேண்டாமா?

அதைவிட முக்கியமானது கதை தொடங்கும் இடம். ஊழல் விசாரணைக்கு உள்ளான ஓர் அமைச்சகத்தின் நடுத்தர அதிகாரியும் உணவகப் பணிப்பெண் ஒருத்தியும் ஃபுகுவோகாவை அடுத்த காஷீ கடற்கரையில் அருகருகே இறந்துகிடக்கிறார்கள். பார்த்த மாத்திரத்தில் காவல்துறை அதைக் காதலர் தற்கொலை என்று முடிவுகட்டுகிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிக்காமட்சு எழுதிய பொம்மை நாடகங்கள் முதல் அந்தச் சமூகம் பார்த்துப் பழகிய காட்சி அது. குற்றவாளியின் முதல் ஆயுதம் அந்தப் பழக்கமேயன்றி ரயில் அட்டவணை அன்று. தோரிகாய் என்னும் முதிய உள்ளூர்த் துப்பறிவாளர் மட்டும், இறந்த அதிகாரியின் சட்டைப்பையில் கிடைத்த ரயில் உணவகப் பெட்டியின் ரசீதில் ஒருவர் சாப்பிட்டதாக மட்டுமே பதிவாகியிருப்பதைக் கண்டு, சேர்ந்து சாகப் புறப்பட்ட பெண் அவரைத் தனியாகச் சாப்பிட அனுப்புவாளா என்று யோசிக்கிறார். இதைக் கணக்கு என்பீர்களா? மனிதர் மனிதரோடு எப்படி நடந்துகொள்வார்கள் என்று அறிந்த ஒருவரின் கேள்வி அல்லவா இது?

அடுத்து கெய்கோ ஹிகாஷினோவின் 'சந்தேக நபர் எக்ஸ்' நாவலை எதிரணியினர் எடுப்பார்கள் என்று தெரியும். கொலையாளி யாரென்று தொடக்கத்திலேயே காட்டிவிட்டு, கடைசி வரை நம்மை ஏமாற்றும் அந்தத் தந்திரம் அபாரமானது; தயங்காமல் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் கணித ஆசிரியர் இஷிகாமி காலையில் வேலைக்குப் போகும் வழியில், ஆற்றங்கரையோரம் வரிசையாகக் குடியிருக்கும் வீடற்றவர்களைக் கடந்து செல்லும் முதற்பகுதியை மீண்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். படித்து முடித்தவர்களுக்கு நான் ஏன் இதைச் சொல்கிறேன் என்பது விளங்கும். படிக்காதவர்களிடம் இதற்கு மேல் சொல்வது பாவம்.

இறுதியாக நட்சுவோ கிரினோவின் 'அவுட்'. ஜப்பானில் 1997இல் வெளிவந்து, 2003இல் ஆங்கிலத்துக்கு வந்து, மறு ஆண்டே குற்றப் புனைவுக்கு அமெரிக்காவில் தரப்படும் எட்கர் விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பிடித்த நாவல். டோக்கியோ புறநகரில் உணவுப்பெட்டி தயாரிக்கும் தொழிற்சாலையில் இரவுப்பணி செய்யும் நான்கு பெண்களில் ஒருத்தி தன் கணவனைக் கொன்றுவிடுகிறாள். மற்றவர்களுள் ஒருத்தி படுத்த படுக்கையான மாமியாரைப் பராமரிப்பவள், இன்னொருத்தி கடனில் மூழ்கியவள். கொன்றது யார், ஏன், எப்படி என்று எல்லாமே நம் கண்முன் நடக்கிறது. பூட்டிய அறையும் இல்லை, கால அட்டவணையும் இல்லை. கண்டுபிடிக்க ஒன்றுமே மிச்சமில்லாத அந்தத் தடித்த புத்தகத்தை, டோக்கியோவைப் பார்த்தேயிராத வாசகரும் கீழே வைக்க முடியாமல் படிக்கிறாரே, அவரை அங்கே கட்டிப்போட்ட புதிர் எது என்பதை அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இந்த அவைக்கு விளக்கட்டும், நடுவர் அவர்களே.