வாசலை மறிக்கும் கார்: என் சாவியை அவர் கையிலேயே கொடுத்தேன்

வணக்கம். இன்று வெளியே நின்று படம் எடுக்கவில்லை. கேமராவை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டு, கையில் ஓர் அளவு நாடாவோடு உட்கார்ந்திருக்கிறேன். வெளியே போனால் பக்கத்து வீட்டுக்காரரின் காரும் எண்பலகையும் படத்தில் விழும். இன்றைய பேச்சே அந்தக் காரைப் பற்றித்தான் என்பதால், அதைக் காட்டாமல் பேசுவதுதான் முறை.

என் வீட்டுக் கேட்டுக்கு முன்னால், வண்டி ஏறி இறங்கும் சரிவை மறித்துக் காரை நிறுத்துகிறார். எட்டு மாதக் கதை இது. முழுதாக மறித்திருந்தால்கூட எனக்கு வேலை சுலபம். பார்த்தவர்கள் எல்லாம் என் பக்கம் பேசியிருப்பார்கள். அவர் அப்படிச் செய்வதில்லை. முன்பம்பர் மட்டும் என் வாசலுக்குள் இரண்டரை அடி எட்டிப் பார்க்கும். மிச்சக் கார் முழுவதும் அவர் வீட்டு மதில் ஓரத்தில் சாதுவாக நிற்கும். யாரிடமாவது படத்தைக் காட்டினால், "இதற்கா இவ்வளவு கோபம்?" என்றுதான் கேட்பார்கள். கேட்டார்கள்.

முதல் தடவை அவர் வீட்டு மணியை அடித்தபோது சிரித்துக்கொண்டே வந்தார். காரைப் பார்த்தார், என் கேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவ்வளவு இடம் இருக்கிறதே அம்மா, லாரியே போகுமே" என்றார். அதற்கு உள்ளே இருக்கும் பொருள் எனக்குப் புரியாமல் இல்லை: இடம் இருக்கிறது, உனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை. பதினைந்து வருடமாகக் கார் ஓட்டுகிறேன். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு, "கொஞ்சம் பின்னால் எடுங்கள் சார், அவசரம்" என்று மட்டும் சொன்னேன். எடுத்தார். மறுநாள் அதே இடத்தில் அதே இரண்டரை அடி.

அடுத்து நான் செய்தவற்றை ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாமே பிழை. காலை ஆறு மணிக்கு ஹாரன் அடித்தேன். தெரு முழுவதும் விழித்துக்கொண்டது. அவர் மட்டும் விழிக்கவில்லை. வைப்பருக்கு அடியில் ஒரு தாள் செருகினேன். அதில் எழுதியிருந்ததை இங்கே படிக்க மாட்டேன், 'அறிவு' என்ற சொல் அதில் இருந்தது என்பதோடு விட்டுவிடலாம். அந்தத் தாளுக்குப் பிறகு மூன்று வாரம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை; இரண்டரை அடி மூன்றடியானது.

மூன்றாவதாக, கேட்டுக்கு இருபுறமும் சாலையில் இரண்டு பெரிய பூந்தொட்டிகளை வைத்தேன். என்ன சாமர்த்தியம் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். எதிர்வீட்டு அம்மாதான் வந்து, "தொட்டி நிற்கும் இடம் உன்னுடையதா?" என்று கேட்டார். இல்லைதான். என் வீட்டுக்கு முன்னால் ஓடுகிறது என்பதால் சாலை என்னுடையதாகிவிடாது. எனக்கு உரிமை இருப்பது என் வண்டி உள்ளே வரவும் வெளியே போகவும் வேண்டிய வழிக்கு மட்டும். கேட்டுக்கு அப்பால், மதில் நீளத்துக்கு யார் சட்டப்படி நிறுத்தினாலும் நான் முணுமுணுக்கலாமே தவிர, விரட்ட முடியாது. பக்கத்து வீட்டுக்காரர்களோடு சண்டை போடுபவர்களில் பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள் என்று நினைக்கிறேன். வழியைக் கேட்க வேண்டிய இடத்தில் தெருவையே கேட்கிறார்கள். தொட்டிகளை அன்று மாலையே உள்ளே இழுத்துப் போட்டேன். இடுப்பு வலி மட்டும் மிச்சம்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. மறுபடியும் பம்பர். மறுபடியும் மணி. மறுபடியும், "இடம் இருக்கிறதே அம்மா." எனக்கு என்ன தோன்றியதோ, கையிலிருந்த கார்ச் சாவியை அவரிடம் நீட்டினேன். "சார், எனக்கு எடுக்க வரவில்லை. நீங்கள் ஒருமுறை எடுத்துக் காட்டுங்களேன்."

கிண்டலாகச் சொல்லவில்லை, அதுதான் முக்கியம். நிஜமாகவே உதவி கேட்பவளைப் போலக் கேட்டேன். அவரும் உற்சாகமாக ஏறினார். இருக்கையைப் பின்னால் தள்ளினார், கண்ணாடிகளைச் சரிசெய்தார், ரிவர்ஸ் போட்டார். கேட்டைத் தாண்டியது. ஸ்டியரிங்கைத் திருப்பினார், சென்சார் கத்தியது. முன்னால் வந்தார். மறுபக்கம் திருப்பினார், இன்னும் சத்தமாகக் கத்தியது. மூன்றாவது தடவை இறங்கி வந்து இரண்டு கார்களுக்கும் இடையில் குனிந்து பார்த்தார். நான்காவது தடவைக்குப் பிறகு ஒன்றும் பேசாமல் இறங்கிப் போய், தன் காரைப் பின்னால் எடுத்தார். திரும்பி வந்து சாவியைக் கொடுக்கும்போது, "உங்கள் கேட்டைச் சின்னதாகக் கட்டிவிட்டார்கள்" என்றார். மன்னிப்பு எல்லாம் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த நாள் காலை அவர் கார் என் தூணிலிருந்து மூன்றடி தள்ளி நின்றது.

(என் தங்கை இதைக் கேட்டுவிட்டு, "அவர் இடித்திருந்தால் காப்பீட்டுக்காரர்களிடம் என்ன சொல்லியிருப்பாய்?" என்று திட்டினாள். அவள் சொன்னது சரி. அதனால் நீங்களும் சாவியைத் தூக்கிக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவரைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து நீங்களே ஓட்டிக் காட்டலாம்.)

அவருக்கு ஏன் முடியவில்லை? அன்று மாலை இந்த நாடாவை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். என் கேட் 10 அடி, அதாவது ஏறக்குறைய 3 மீட்டர். இரண்டரை அடியை அவர் எடுத்துக்கொண்டால் மிச்சம் 2.3 மீட்டர். என் காரின் அகலம், கண்ணாடிகளையும் சேர்த்து, 1.9 மீட்டர். நின்று பார்ப்பவர் கண்ணுக்கு இடம் இருப்பதாகத்தான் தெரியும். நேராகவே போய்க்கொண்டிருந்தால் இடம் இருக்கவும் செய்கிறது. ஆனால் வாசலைத் தாண்டியதும் வண்டி திரும்ப வேண்டுமே!

கார் பின்னால் போகும்போது திரும்புவது முன்சக்கரம். பின்பக்கத்தை இடதுபுறம் கொண்டுபோனால் மூக்கு வலதுபுறம் வீசும். அவர் கார் என் வாசலுக்கு ஒரு பக்கத்தில் நிற்கிறது. பின்பக்கத்தை அவர் கார் இருக்கும் பக்கமாகத் திருப்பினால் பின்பம்பர் அவர் காரில் முட்டும். எதிர்ப்பக்கமாகத் திருப்பினால் என் மூக்கு வீசி அவர் காரை உரசும். எப்படிப் போனாலும் அவர்தான் நிற்கிறார். அப்படியானால், முழுக் காரும் அவரைத் தாண்டும்வரை நேராகவே பின்னால் போய், அதன்பிறகு திருப்ப வேண்டும். அவர் காரின் அகலம் 1.7 மீட்டர், என் காரின் நீளம் 4 மீட்டர். கூட்டினால் 5.7. எங்கள் தெருவின் அகலம் 5.5 மீட்டர், அதற்கப்பால் எதிர்வீட்டு மதில். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. எதிர்ப்புறமும் ஒரு கார் நின்றால் சொல்லவே வேண்டாம்.

அவர் பொய் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நின்ற இடத்திலிருந்து அவர் பார்த்தது கேட்டின் அகலத்தை. எனக்கு வேண்டியிருந்தது திரும்புவதற்கான இடம். எட்டு மாதமாக நாங்கள் இரண்டு வெவ்வேறு இடங்களைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்பீர்கள். 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. பல நாடுகள் தங்கள் சாலை விதிகளை ஒத்திசைத்துக்கொள்வதற்காகச் செய்துகொண்ட ஒப்பந்தம். அதன் 23ஆவது பிரிவு, கட்டிடங்களுக்குள் வாகனம் நுழையும் வழிக்கு முன்னால் வண்டி நிறுத்திவைப்பதைத் தடை செய்கிறது. முறையாக நிறுத்தியிருக்கும் இன்னொரு வண்டி வெளியேற முடியாதபடி நிறுத்துவதையும் அதே பிரிவு தடுக்கிறது. எல்லா நாடுகளும் அதில் சேரவில்லை. தண்டனையும் நடைமுறையும் நாட்டுக்கு நாடு வேறு. அதனால் உங்கள் ஊர் விதியை நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த உடன்படிக்கையில் எனக்குப் பிடித்தது வேறொன்று. 'நிற்பது' வேறு, 'நிறுத்திவைப்பது' வேறு என்று அது பிரிக்கிறது. ஆளை ஏற்றி இறக்கவோ சாமானை ஏற்றி இறக்கவோ தேவையான நேரம் மட்டும் நின்றால் அது நிற்பது. அதற்கு மேல் போனால் நிறுத்திவைப்பது. நடக்கச் சிரமப்படும் அம்மாவை என் வாசலில் இறக்கிவிட்டு உடனே நகர்கிற காரைப் பார்த்து நான் ஏன் சிடுசிடுக்க வேண்டும்? ஆனால் நான்கு விளக்குகளையும் மினுக்க விட்டுவிட்டு, "ஐந்தே நிமிடம்" என்று சொல்லி உள்ளே போய் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருப்பவர் நிறுத்திவைத்திருக்கிறார். விளக்கு மினுக்குவதால் வாசல் திறந்துவிடாது.

பேச்சு எடுபடாத பக்கத்து வீட்டுக்காரர்களும் உண்டு, அது எனக்குத் தெரியும். அங்கே புகார்தான் வழி. போக்குவரத்துக் காவலரையோ உள்ளாட்சி அலுவலகத்தையோ கூப்பிடும்போது முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: உங்கள் கார் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறதா, வெளியே நின்று உள்ளே வர முடியாமல் இருக்கிறதா? இரண்டையும் ஒரே அவசரத்தோடு பார்க்காத இடங்கள் இருக்கின்றன. படம் எடுத்தால் கேட் தூணும் அவர் சக்கரமும் ஒரே படத்தில் விழும்படி எடுங்கள், பக்கத்தில் நாடாவை விரித்து வையுங்கள், தேதியும் நேரமும் பதிவாகட்டும். வெறும் பம்பரை மட்டும் அண்மையில் எடுத்த படம் எதையும் காட்டாது. என்னிடம் அப்படி நாற்பது படங்கள் வீணாக இருக்கின்றன. அந்தப் படங்களை இணையத்தில் போடாதீர்கள். அவர் எண்பலகையைப் பத்தாயிரம் பேர் பார்ப்பதால் கார் ஓர் அங்குலம் நகராது. அதன்பிறகு அவரோடு பேசுவதற்கான கதவும் அடைந்துவிடும்.

டயரில் காற்றை இறக்கிவிடு என்று எனக்கு யோசனை சொன்ன நண்பர் ஒருவர் உண்டு. யோசித்துப் பாருங்கள். காற்று இறங்கிய கார் எங்கே நிற்கும்? என் வாசலிலேயே நிற்கும்! அவர் காருக்கு முன்னால் என் காரை நிறுத்தி மடக்குவதும் அதே மாதிரிதான். அடுத்த நிமிடமே மறிப்பவள் நானாகிவிடுவேன். சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவது, ஒட்டினால் உரிக்க முடியாத தாளைக் கண்ணாடியில் ஒட்டுவது எல்லாம் உங்களை வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும். 'இங்கே வண்டி நிறுத்தாதீர்' என்று கேட்டில் நாமே மாட்டும் பலகைக்கும் பல இடங்களில் சட்ட வலு கிடையாது, அது நினைவூட்டல்தான். சாலையில் அதிகாரிகள் போடும் கோட்டுக்குத்தான் மதிப்பு. அதற்காக நீங்களே இரவோடு இரவாகக் கோடு போட இறங்காதீர்கள்; சாலையில் பெயிண்ட் அடிக்க நமக்கு அனுமதி இல்லை.

நான் கடைசியில் செய்தது, என் மதிலின் வெளிப்பக்கத்தில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஒன்றை ஒட்டியதுதான். சுவரின் விளிம்பில், வெளியிலிருந்து வருபவர் கண்ணில் படும் உயரத்தில். அவரிடம், "சார், உங்கள் முன்பம்பர் இந்தப் பட்டைக்கு நேராக வரும்முன் நின்றுவிட்டால் எனக்குப் போதும்" என்றேன். "தள்ளி நிறுத்துங்கள்" என்றால் எவ்வளவு தள்ளி என்று அவருக்கு எப்படித் தெரியும்? பட்டை என்றால் தெரியும். இன்னொன்றும் அன்றுதான் கேட்டேன், எட்டு மாதத்தில் ஒருமுறைகூடக் கேட்காததை: ஏன் இவ்வளவு முன்னால் வந்து நிறுத்துகிறீர்கள்? அவர் வீட்டு மதிலின் மறுமுனையில் ஒரு மரம் இருக்கிறது. அதில் பறவைகள் அடைகின்றன. காலையில் எழுந்ததும் கூரையைக் கழுவ வேண்டியிருக்கிறது என்றார். அவ்வளவுதான் காரணம். அந்த மரத்தடியில் இப்போது ஒரு பழைய உறை போட்டபடி அவர் கார் நிற்கிறது. உறை நான் கொடுத்தது. என் காருக்குச் சரியாகப் பொருந்தாமல் மூலையில் கிடந்தது.

இரண்டு மாதமாக ஒழுங்காகப் போகிறது. வார நாட்களில் மட்டும். சனிக்கிழமைகளில் அவர் மகன் வருகிறார், அவருக்கு ஒரு பெரிய கார். போன வாரம் பட்டையைத் தாண்டி நாலடி உள்ளே நின்றது. மணியை அடித்தேன். மகன் வந்து காரைப் பார்த்தார், என் கேட்டைப் பார்த்தார், "இவ்வளவு இடம் இருக்கிறதே அக்கா" என்றார். பின்னாலேயே வந்த அவர் அப்பா, "டேய், முதலில் காரை எடு" என்றார்.

எடுத்தார். ஆனால் புரிந்துகொண்டு எடுத்த மாதிரி தெரியவில்லை. இந்தச் சனிக்கிழமை அவருக்கும் சாவியைக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். அவர் தெருமுனையில் திரும்பும் வேகத்தைப் பார்த்தால் கொடுக்கக் கை வரவில்லை.