அஜா காங்கை எந்த வரிசையில் வைப்பது?

அடுத்த கேள்வி. நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஜப்பான் பெண்கள் மல்யுத்தம் என்றாலே மனாமி டொயோட்டா, அகிரா ஹொகுட்டோ என்றுதான் பேசுகிறார்கள். அஜா காங் வெறும் உடம்பு பலத்தில் நின்றவர்தானே, அவரையும் அந்த வரிசையில் சேர்க்கலாமா? பார்க்க ஆரம்பிப்பதென்றால் எந்த மேட்சில் ஆரம்பிப்பது?"

சேர்க்கலாம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னைக் கேட்டால், அவர் இல்லாமல் அந்த வரிசையே நிற்காது. டொயோட்டாவைப் பார்த்தவுடனே பிடித்துவிடும், அந்த வேகம், பறந்து பறந்து அடிப்பது, மூச்சுவிடாமல் ஓடுவது எல்லாம் கண்ணில் உடனே படும். அஜா செய்தது அப்படி முதல் பார்வையில் தெரியாது, அதனால்தான் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். 1970-இல் டோக்கியோ பக்கத்தில் தாச்சிகாவாவில் பிறந்தவர். அம்மா ஜப்பானியர், அப்பா அங்கே பணியில் இருந்த கறுப்பின அமெரிக்க ராணுவ வீரர். அந்தக் காலத்து ஜப்பானில் அப்படி ஒரு பெண் குழந்தை பள்ளிக்கூடத்தில் என்ன கேலியெல்லாம் கேட்டிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. சிகுசா நகாயோ மாதிரி எல்லோரும் கைதட்டும் நாயகியாக வேண்டும் என்றுதான் ஆல் ஜப்பான் பெண்கள் மல்யுத்த நிறுவனத்துக்கு வந்தார், 1986-இல் ரிங்கில் இறங்கினார். நிறுவனமோ அவருடைய தோற்றத்தைப் பார்த்து, டம்ப் மட்சுமோட்டோ தலைமையில் ரிங்கில் வில்லி வேடம் போடுகிறவர்கள் கூட்டத்தில் தள்ளிவிட்டது. எனக்கு இது இன்றைக்கும் உறுத்துகிற விஷயம். எந்த நிறத்துக்காக ஊர் ஒதுக்கியதோ அதையே காசாக்கிக்கொண்டார்கள். ஆனால் அவர் அந்த வேடத்துக்குள் நின்றே தனக்கென்று ஒரு மரியாதையைச் சம்பாதித்தார் பாருங்கள், அங்கேதான் அவர் கதையே ஆரம்பிக்கிறது.

டம்ப் 1988-இல் விலகிய பிறகு வில்லிகளின் தலைவி புல் நகானோ. அஜா முதலில் அவர் அணியில்தான் இருந்தார், பிறகு சக வீராங்கனை பைசன் கிமுராவோடு பிரிந்து வந்து அவரையே எதிர்த்தார். இரண்டு வில்லிகள் மோதினால் கூட்டம் யாருக்குக் கைதட்டும்? அந்தக் கேள்விக்கு ரசிகர்களே விடை கண்டுபிடித்தார்கள், இரண்டு பேருக்கும் கைதட்டினார்கள். 1990 நவம்பரில் யோகோஹாமாவில் நடந்த கூண்டு மேட்ச்சில், புல் நகானோ கூண்டின் உச்சியில் ஏறி நின்று, கீழே கிடந்த அஜா மேல் காலை நீட்டிக் குதிப்பார். அந்தக் காட்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் குதித்தவரைத்தான் புகழ்வார்கள். கீழே படுத்து அதை வாங்கிக்கொண்டவரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1991 ஜனவரியில் அஜாவும் பைசனும் புல் அணியிடம் தோற்று, பந்தயப்படி மொட்டை அடித்துக்கொண்டார்கள். இப்படித் தோற்றுத் தோற்றுத்தான் 1992 நவம்பரில் புல்லை வீழ்த்தி, கிட்டத்தட்ட மூன்று வருடம் அவரிடம் இருந்த சிவப்பு பெல்ட்டை வாங்கினார். அது உச்ச பெல்ட், டபிள்யூ டபிள்யூ டபிள்யூ ஏ பட்டம்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். தொழில்முறை மல்யுத்தத்தில் முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்படுவதுதான், அதனால் யார் எத்தனை முறை ஜெயித்தார் என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பெரிய அர்த்தம் இல்லை. அவரோடு மோதியவர்கள் அந்த மேட்ச்சுக்கு அப்புறம் என்ன ஆனார்கள் என்று பாருங்கள். அஜா இரண்டு வருடம் நாலு மாதம் பெல்ட்டை விடவில்லை. நம் கடைகளில் எண்ணெய் வருமே சதுரத் தகர டின், அந்த மாதிரி ஒன்றைத் தூக்கி எதிராளி தலையில் அடிப்பார். சுழன்று வந்து புறங்கையால் ஒரு குத்து விடுவார், உராகென் என்பார்கள், அது பட்டால் ஆட்டம் முடிந்தது என்று அரங்கமே நம்பியது. அந்த நம்பிக்கை இருந்ததால்தான் 1995 மார்ச்சில் டொயோட்டா அவரை ஜெயித்தபோது அது அவ்வளவு பெரிய வெற்றியாகத் தெரிந்தது. அதே கதைதான் ஆறு வருடம் கழித்து காயா என்ற இன்னொரு மல்யுத்த நிறுவனத்தில் மெய்கோ சதோமுராவுக்கும். 2001-இல் அஜாவிடமிருந்து அந்த நிறுவனத்தின் பெல்ட்டை வாங்கிய பிறகுதான் அந்தச் சின்னப் பெண்ணை எல்லோரும் முதல் வரிசை ஆளாகப் பார்த்தார்கள்.

பலம் மட்டும்தான் என்பதும் சரியில்லை. நூறு கிலோவைத் தொடும் ஒருவர் தன்னைவிடப் பாதி எடை உள்ளவரிடம் அடி வாங்கும்போது அதை நம்ப வைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? சீக்கிரம் விழுந்தால் பயம் போய்விடும், விழாமலே நின்றால் எதிராளி ஒன்றுமில்லாமல் போய்விடுவார். முதல் உதைக்கு அசையமாட்டார், மூன்றாவதுக்கு ஒரு கால் பின்னால் போகும், அப்புறம்தான் முட்டி மடங்கும். அந்தக் கணக்கு டொயோட்டாவிடம் கிடையாது. டொயோட்டா அடி வாங்கிய கையோடு எழுந்து ஓடிவிடுவார், அவரைப் பற்றி நியாயமாகச் சொல்லப்படும் குறையே அதுதான்.

அமெரிக்கா விஷயம் சுருக்கமாக. 1995-இல் டபிள்யூ டபிள்யூ எஃப் (இன்றைய டபிள்யூ டபிள்யூ ஈ) நடத்திய சர்வைவர் சீரிஸில், அணிக்கு அணி மோதும் மேட்ச்சில், அங்கே பெண்கள் பட்டம் வைத்திருந்த அலுண்ட்ரா பிளேஸை வீழ்த்திக் கடைசியில் தனியாக நின்றவர் அஜாதான். அதே சமயத்தில் அவர்களுடைய வாராந்திர டிவி நிகழ்ச்சியான ராவில் அஜாவின் குத்தில் சப்பாரிட்டா அசாரிக்கு மூக்கே உடைந்தது. அடுத்து பட்டத்துக்கு மோதுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்த நேரத்தில் பிளேஸ் டிசம்பரில் எதிர் நிறுவனமான டபிள்யூ சி டபிள்யூவுக்குப் போய், அங்கே தன் பெல்ட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார், எல்லாம் கலைந்தது. உலகம் முழுக்க அவரைப் பார்த்திருக்க வேண்டிய நேரம் அது, நடக்காமல் போனதில் எனக்கு நிஜமாகவே வருத்தம்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. 1997-இல் பழைய நிறுவனத்தை விட்டுவிட்டு, ஆர்சியன் என்று ஆரம்பித்த புது நிறுவனத்தின் முகமாக இருந்தார், 2001-இல் அங்கிருந்தும் வெளியேறினார். பிந்தைய வருடங்களில் ரிங்குக்குள் நகர்வது ரொம்பக் குறைந்துவிட்டது, சில மேட்ச்சுகள் அவர் பெயருக்காக மட்டுமே நடந்த மாதிரி இருக்கும். ஆனாலும் 2019-இல் லாஸ் வேகஸில், ஏ ஈ டபிள்யூ என்ற புது அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தின் முதல் நிகழ்ச்சிக்கு அவர் நடந்து வந்தபோது அரங்கம் எழுப்பிய சத்தத்தைக் கேளுங்கள். அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது.

எதில் ஆரம்பிப்பது? 1995 டொயோட்டா மேட்ச்சை முதலில் பார்க்காதீர்கள், நிறையப் பேர் அதைத்தான் சொல்வார்கள். 1990 கூண்டு மேட்ச், அப்புறம் 1992-இல் புல்லோடு பெல்ட்டுக்காக நடந்தது, இந்த இரண்டையும் பார்த்துவிட்டு அங்கே போங்கள். எந்த நிமிடத்தில் முதல் தடவையாக அவர் முட்டி மடங்குகிறது என்று கவனித்துவிட்டு, கீழே கமெண்ட்டில் எழுதுங்கள்.