வரி பூஜ்ஜியம்னு ஒப்பந்தம் சொல்லுது, ஆனா துறைமுகத்துல முழு வரி! காரணம் ஒரு நூல்

[திரையில்: ஒரு பருத்திச் சட்டை, பக்கத்துல பெருசா 0%]

ரெண்டு நாடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் போட்டாச்சு. சட்டைக்கு வரி பூஜ்ஜியம். சட்டையைத் தைச்சதும் ஒப்பந்தம் போட்ட நாட்டுலதான். ஆனா சுங்கத்துல முழு வரியும் கட்டுன்னு சொல்றாங்க. ஏன்னா, சட்டைக்கான நூலை நூத்தது வேற நாட்டுல!

பின்னணியை வேகமா முடிச்சுடறேன். உலக வர்த்தக அமைப்புல ஒரு நாட்டுக்குக் கொடுக்கற வரிச் சலுகையை எல்லா உறுப்பு நாட்டுக்கும் கொடுக்கணும். 'காட்'ங்கற பொது வர்த்தக ஒப்பந்தத்தோட 24-வது பிரிவு அதுக்கு ஒரு விலக்கு: சில நாடுகள் சேர்ந்து தங்களுக்குள்ள மட்டும் வரியை எடுத்துக்கலாம். அப்போ மூணாவது நாட்டுச் சரக்கு லேபிளை மாத்திக்கிட்டு உள்ள நுழையாம பார்க்கணும் இல்லையா? அதுக்குத்தான் ரூல்ஸ் ஆஃப் ஆரிஜின், பிறப்பிட விதி.

[திரையில்: பருத்தி → நூல் → துணி → சட்டை]

இப்போ சட்டைக்கு வாங்க. நூற்பு, நெசவு, தையல்னு மூணு வேலை. அமெரிக்கா போட்ட பல ஒப்பந்தங்கள்ல 'யார்ன் ஃபார்வர்ட்' விதி இருக்கு. பருத்தி எங்கிருந்து வந்தாலும் சரி, நூற்புல ஆரம்பிச்சு மூணு வேலையும் உறுப்பு நாடுகளுக்குள்ள நடக்கணும். ஐரோப்பிய ஒன்றியம் பொதுவா நெசவும் தையலும் கேட்கும். மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு மட்டும் 2011-லேர்ந்து தையல் போதும்னு தளர்த்தினாங்க. ஒரே சட்டை, மூணு விதமான பதில்!

அரசியல் இங்கதான் இருக்கு. யார்ன் ஃபார்வர்ட் விதி நூற்பாலைகளுக்கு அரண். ஆனா நூற்பாலைக்குப் பெரிய முதலும் நிக்காத மின்சாரமும் வேணும். தையல் மெஷினும் உழைக்கற கையும் மட்டும் இருக்கற ஏழை நாட்டுக்கு அந்தப் பூஜ்ஜியம் காகிதத்துல மட்டும்தான். அவங்களுக்குத் தையல் ஒண்ணு போதும்ங்கறது நியாயமான விதின்னு நான் உறுதியா நம்பறேன்.

[திரையில்: கணக்கு]

எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு இது, பேப்பர் எடுத்துக்கோங்க. ஆசிய ஒப்பந்தங்கள் பலதுல, பொருளோட மதிப்புல 40% உறுப்பு நாடுகளுக்குள்ள உருவாகியிருந்தா போதும். விற்பனை விலை 100 டாலர், வெளிநாட்டு உதிரிகள் 58 டாலர். மிச்சம் 42. பாஸ்! இப்போ வாங்கறவர் 5 டாலர் தள்ளுபடி கேட்கறார், நீங்களும் ஒத்துக்கறீங்க. 95-ல 58 போனா 37. அதை 95-ஆல வகுங்க: 38.9%. ஃபெயில்! தொழிற்சாலையில ஒரு ஆணியைக்கூட மாத்தல, ஆனா பொருளோட பிறப்பிடமே போச்சு. பாதிச் சலுகைங்கற பேச்சே கிடையாது, முழு வரிதான். அதனால விலை பேசறதுக்கு முன்னாடியே இந்தக் கணக்கைப் போட்டுடுங்க. உதிரியை டாலர்ல வாங்கி, பொருளை வேற நாணயத்துல விக்கறவங்க நாணய மதிப்பு ஏறி இறங்கறதுக்கும் இடம் விட்டு வைங்க.

பிறப்பிடச் சான்றிதழ்ல இன்னொரு பொறி. சரக்கை வகைப்படுத்த உலகம் பூரா பயன்படுத்தற எண்தான் எச்.எஸ். கோடு; அது 2012, 2017, 2022-னு மாறியிருக்கு. ஒப்பந்தம் எந்தப் பதிப்புல எழுதப்பட்டதோ அதுலதான் விதியைத் தேடணும்.

அடுத்து கார். அமெரிக்கா, மெக்சிகோ, கனடாவோட பழைய ஒப்பந்தமான நாஃப்டாவுல, உறுப்பு நாடுகளுக்குள்ள உருவாக வேண்டிய பங்கு 62.5%-ஆ இருந்துச்சு. அது 2020 ஜூலை 1-ல அமலான அமெரிக்கா-மெக்சிகோ-கனடா ஒப்பந்தத்துல 75% ஆச்சு. அதோட காரோட மதிப்புல 40%, மணிக்குச் சராசரியா 16 டாலராவது சம்பளம் கொடுக்கற ஆலைகள்லேர்ந்து வரணும். தொழிலாளர் சம்பளம் பிறப்பிட விதிக்குள்ளயே வந்துடுச்சு! ஆனா அன்னைக்கு அமெரிக்காவோட சாதாரண வரி காருக்கு 2.5%, பிக்கப் டிரக்குக்கு 25%. காருக்கு விதியைப் பின்பற்றற செலவு அந்த 2.5%-ஐத் தாண்டினா, வரியைக் கட்டிட்டு வெளியிலேர்ந்தே உதிரி வாங்கறதுதான் லாபம். டிரக்குல அந்த வழி கட்டுப்படியாகாது.

இப்படி ஒப்பந்தத்துக்கு ஒரு விதி ஒண்ணு மேல ஒண்ணா குவியறதைப் பொருளாதார அறிஞர் ஜக்தீஷ் பகவதி 1995-ல 'ஸ்பெகட்டிக் கிண்ணம்'னார். நம்ம பாஷைல, சிக்கு விழுந்த நூல்கண்டு.

உங்க பொருளுக்கு எந்த விதின்னு பார்க்க, ஒப்பந்தத்தோட பின்னிணைப்புல 'பொருள்வாரி விதிகள்' பட்டியலைத் திறங்க. ஆறு இலக்க எச்.எஸ். கோடைக் கமெண்ட்ல போடுங்க, அதை எப்படிப் படிக்கறதுன்னு அடுத்த வீடியோவுல வரிவரியா பார்ப்போம்.