கச்சான் செய்த கரை

நண்பர்களே, தூத்துக்குடியில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர் முதலில் சொல்வது, "அப்பா, என்ன வெயில்!" என்பதுதான். வெயிலின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனாலும் இந்தக் கரைக்கு அதைவிடப் பெரிய முதலாளி ஒருவர் இருக்கிறார். காற்று.

ஜூன், ஜூலையில் திருவனந்தபுரத்தில் குடையில்லாமல் வெளியே தலை காட்ட முடியாது. அந்த மேகம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போதே மடியில் இருந்ததையெல்லாம் கொட்டிவிடுகிறது. குற்றாலத்துக்குச் சாரல் கிடைக்கும். நமக்கு? மலையிறங்கிச் சூடேறிய வறண்ட காற்று, ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களில் வேகம் பிடித்து வந்து சேரும். கடலுக்குப் போகிறவர்கள் அதைக் கச்சான் என்பார்கள்.

உப்பளத்துக்குப் போய்ப் பாருங்கள். நீரில் உப்பு எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்று அளக்கும் போமே கணக்கில் கடல்நீர் மூன்றரை டிகிரிதான். பாத்தி மாற்றிப் பாத்தி மாற்றி 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால்தான் உப்பு விளையும். வெயில் நீரைச் சூடாக்கும், சரி. நீருக்கு மேலே தேங்கும் ஈரத்தை யார் அள்ளிக்கொண்டு போவது? கச்சான்தான். உப்பில் குஜராத்துக்கு அடுத்த இடம் நமக்குக் கிடைத்ததில் பாதிப் புண்ணியம் அந்த மலைக்குப் போக வேண்டும்.

அப்புறம், தேரி. திருச்செந்தூருக்குப் பக்கத்தில் குதிரைமொழித் தேரியில் நின்றால் கண்ணுக்கு எட்டிய தூரம் சிவப்பு மணல். மணலின் மேல் இரும்பு ஆக்சைடு பூசியிருப்பதால் அந்த நிறம். மலையடிவாரச் செம்மண்ணைக் காற்றே வாரிக்கொண்டு வந்து கொட்டியது என்பது ஒரு விளக்கம். பார்வைக்குப் பாலைவனம்தான். ஆனால் பெய்த மழையை மணல் அப்படியே உள்ளே வாங்கிக்கொள்வதால் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் சுனையே இருக்கிறது. சுற்றிலும் பனை. உடன்குடிக் கருப்பட்டியைக் காபியில் போட்டுக் குடித்தவர்களுக்கு மேலே நான் சொல்ல வேண்டியதில்லை.

மழையே இல்லாத ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து வரும். வருடம் முழுக்கச் சேர்த்தாலும் சராசரி 65 சென்டிமீட்டரைச் சுற்றித்தான் நிற்கும். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. அம்பாரமாகக் குவித்து மூடி வைத்திருந்த உப்பு கரைந்து, வந்த கடலுக்கே திரும்பிப் போனது. மேற்கே வருவதை வாங்கிக்கொள்ள மலை இருக்கிறது. கிழக்கே நமக்கு மலை கிடையாது.