நகரி மலையின் மூக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

திருத்தணி, பொன்பாடி தாண்டி ரயில் ஆந்திர எல்லைக்குள் நுழைந்ததும் ஜன்னல் பக்கம் பாருங்கள். மலைத்தொடரில் ஒரு மூக்கு தெரியும். தெலுங்கு பேசுகிறவர்களுக்கு அது ‘முக்கு கொண்ட’, நமக்கு மூக்கு மலை. வெள்ளைக்காரர்கள் ‘நகரி நோஸ்’ என்றே எழுதிவைத்தார்கள். வங்கக் கடலில் வந்த மாலுமிகளுக்கு அது கரை அடையாளம். ஏறக்குறைய 850 மீட்டர் உயரம். ஊருக்குப் புதிதாக வருகிறவர்களை நிறுத்தி அதைக் காட்டுவது எனக்குப் பழக்கம். மூக்கு மட்டும்தான் சொல்வேன். சற்று நேரத்தில், “அதோ நெற்றி, இதோ தாடை” என்று அவர்களே சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அப்புறம் அதை வெறும் பாறையாகப் பார்க்கச் சொன்னால் முடியாது. மறுபடியும் சொல்கிறேன்: ஒரு தடவை முகம் தெரிந்துவிட்டால், முகம்தான்.

நடுப்பகலில் அந்த மூக்கு கொஞ்சம் மங்கும். வெயில் சாய்ந்து நிழல் விழுந்தால் எடுப்பாக நிற்கும். செவ்வாய்க் கிரகத்திலும் இதே கதைதான். 1976 ஜூலையில் வைக்கிங் 1 விண்கலம் எடுத்த படத்தில், ஒரு மேட்டில் கண், மூக்கு, வாயோடு மனித முகம் தெரிந்தது. உலகமே பேசியது. 2001-இல் இன்னும் துல்லியமாகப் படம் எடுத்தபோது அது வெறும் குன்று. சாய்வான வெயிலும் நிழலும் சேர்ந்து வரைந்த முகம் அது.

வீட்டிலேயே பாருங்களேன். சுவரில் பிளக் பாயின்ட், பஸ்ஸின் முன்பக்கம், மட்டை உரித்த தேங்காய். மேலே இரண்டு புள்ளி, கீழே ஒன்று. அவ்வளவு போதும், மூளைக்கு அது முகம். மூளையின் அடிப்பகுதியில் முகங்களுக்கென்றே மும்முரமாக வேலை செய்யும் ஓர் இடம் உண்டு. 1997-இல் மூளை ஆய்வாளர் நான்சி கான்விஷரும் கூட்டாளிகளும் அதைத் தெளிவாகக் காட்டினார்கள். முகம் போலத் தெரியும் பொருளைப் பார்த்தாலும், நொடியில் ஆறில் ஒரு பங்கு நேரத்துக்குள் அந்தப் பகுதி விழித்துக்கொள்கிறது என்று 2009-இல் வந்த ஆய்வு சொன்னது. அதாவது, யோசித்துக் கற்பனை செய்வதற்கு முன்பே பார்த்துவிடுகிறோம். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நிலாவில் முயலைப் பார்க்கிற பிள்ளையிடம், “என்ன உளறுகிறாய்?” என்று கேட்காதீர்கள். அந்தப் பிள்ளையின் கண் சரியாக வேலை செய்கிறது. “காது எங்கே இருக்கிறது, காட்டு” என்று கேளுங்கள்.

குரங்குகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017-இல் நடந்த ஆய்வில், முகம் போலத் தெரிந்த பொருள்களின் படங்களை ரீசஸ் குரங்குகளும் கூடுதல் நேரம் உற்றுப் பார்த்தன. அதுவும் நம்மைப் போலவே கண் இருக்கிற இடத்தையும் வாய் இருக்கிற இடத்தையும். பிறந்த குழந்தைகளும் முகம் போன்ற வடிவம் நகர்ந்தால் கண்ணைத் திருப்பி அதைத் தொடர்கின்றன. அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். வணக்கம்.