குல்மார்க்கில் பனிச்சறுக்கா? காற்றையும் பாருங்கள்

[திரையில்: அபர்வத் மலைமுகடு, காற்றில் பறக்கும் பனித்தூள்]

வணக்கம். குளிர்காலத்தில் குல்மார்க் போகிறவர்கள் எல்லோரும் முதலில் தேடுவது, எத்தனை சென்டிமீட்டர் பனி விழும் என்பதைத்தான். அது தெரிய வேண்டியதுதான். ஆனால் மேலே காற்று எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது என்று பார்க்காமல் அந்த எண்ணை மட்டும் நம்பிக் கிளம்புவது ஆபத்து.

பனி வரும் வழியை முதலில் பார்த்துவிடுவோம்.

[திரையில்: மத்தியதரைக் கடல் முதல் காஷ்மீர் வரை வரைபடம்]

மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகக் கிழக்கே நகரும் காற்றழுத்தத் தாழ்வுகள்தான் காஷ்மீருக்குப் பனி கொண்டுவருகின்றன. வானிலைத் துறை இவற்றை மேற்கத்திய இடையூறு என்கிறது. டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் சில்லை கலான் என்பார்கள். குளிர் இருந்தும் இடையூறு வராவிட்டால் பனி இல்லை. 2024 ஜனவரியில் பெரும்பாலான நாட்கள் குல்மார்க் சரிவுகள் அப்படித்தான் வெறுமையாகக் கிடந்தன. இடையூறு ஒன்று வருகிறது என்பது சில நாட்கள் முன்பே தெரிந்துவிடும். எவ்வளவு கொட்டும் என்பது கடைசி இரண்டு மூன்று நாட்களில்தான் தெளிவாகும்.

சரி, இப்போது உயரம். குல்மார்க் ஊர் சுமார் 2,650 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து அபர்வத் மலைக்கு ஏறும் கம்பிவட ஊர்தியான கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் சுமார் 3,950 மீட்டரில் இறக்கிவிடும். ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி குறையும் என்பதால், ஊரில் பூஜ்யம் என்றால் மேலே மைனஸ் 8. செல்போனில் பார்ப்பது பெரும்பாலும் ஊரின் கணக்கு.

காற்று சேர்ந்தால் அது இன்னும் மாறும். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால், திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 21 மாதிரி. காற்று பலமானால் கோண்டோலாவும் நிற்கும்.

[திரையில்: முகட்டின் குறுக்குவெட்டு, மேற்கிலிருந்து அம்புக்குறி]

இதை மட்டும் நிதானமாகப் பாருங்கள். காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அபர்வத் முகட்டைத் தாண்டி வருகிறது. அந்தப் பக்கத்துப் பனியை வாரி, நாம் சறுக்கும் குல்மார்க் பக்கத்துப் பள்ளங்களில் கொட்டுகிறது. ஊரில் 20 சென்டிமீட்டர் விழுந்திருந்தால், முகட்டுக்குக் கீழே சில இடங்களில் அதைப்போல் பல மடங்கு குவிந்திருக்கும். காற்று அடித்து இறுக்கிய இந்த அடுக்கு, கீழே உள்ள பலவீனமான பனிமேல் பலகை போலக் கிடக்கும். ஒருவர் ஏறினாலே மொத்தமாகப் பிளந்து சரியலாம். பனிச்சரிவுகள் அதிகம் நடப்பது 30 முதல் 45 டிகிரி சாய்வில். ஆசையாகச் சறுக்கத் தோன்றுவதும் அதே சாய்வில்தான்!

புதுப்பனியே விழாத, பளிச்சென்று வெயில் அடிக்கும் நாளிலும் காற்று இந்த வேலையைச் செய்யும். முகட்டிலிருந்து வெள்ளைத் தூள் கொடிபோல் பறப்பது தெரிந்தால், இந்தப் பக்கம் பனி ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அதனால் காலையில் முகட்டின் காற்றைப் பாருங்கள், பனிச்சரிவு எச்சரிக்கையைப் படியுங்கள், அப்புறம் சறுக்குச் சரிவுகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் ரோந்துக் குழுவிடம் எந்தப் பள்ளம் திறந்திருக்கிறது என்று கேளுங்கள். சறுக்கும் பகுதியின் எல்லைக் கயிற்றுக்கு வெளியே போவதானால் உள்ளூர் வழிகாட்டி வேண்டும். பனிக்குள் புதைந்தவரை சிக்னல் மூலம் தேடும் டிரான்ஸ்சீவர் கருவி, பனியைக் குத்திப் பார்க்கும் நீளக் குச்சி, மண்வாரி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். பெரிய புயலுக்குப் பிறகு குறைந்தது ஒருநாள், முடிந்தால் இரண்டு நாள், செங்குத்தான சரிவுகளை விட்டுவிட்டு மரங்களுக்கு நடுவே உள்ள சாய்வு குறைந்த பாதைகளில் சறுக்குங்கள்.