கைக்காசு கரையாமல் சந்தா சேர்ப்பது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம். வாரத்துக்கோ மாதத்துக்கோ முன்பணம் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் சாப்பாடு அனுப்பும் உணவுச் சந்தாத் தொழிலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சமைக்கத் தெரிந்த பலர் இதில் துணிந்து இறங்குகிறார்கள். சமையலில் அவர்களுக்குக் குறை இருப்பதில்லை. ஆள் சேர்ப்பதில்தான் திணறுகிறார்கள். சிறு உணவுத் தொழில்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "விளம்பரத்துக்கு எவ்வளவு பணம் ஒதுக்கலாம்?" என்பதுதான்.

பதில் சொல்வதற்கு முன் நான் ஒன்று கேட்பேன். போன மாதம் சாப்பிட்டவர்களில் எத்தனை பேர் இந்த மாதமும் தொடர்கிறார்கள்?

ஏன் கேட்கிறேன் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நூறு பேர் சேர்ந்தார்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு மாதமும் மிச்சமிருப்பவர்களில் 20 சதவீதம் பேர் விலகினால், ஆறு மாதம் கழித்து அந்த நூறில் சுமார் 26 பேர்தான் மிஞ்சுவார்கள். ஒரு வருடம் முடியும்போது ஏழே பேர். இதுவே 10 சதவீதம் பேர் விலகினால் ஆறு மாதத்தில் 53 பேர், வருட முடிவில் 28 பேர் இருப்பார்கள். சராசரியாகப் பார்த்தால் முதல் வகை ஆள் ஐந்து மாதம் உங்களோடு இருப்பார், இரண்டாம் வகை ஆள் பத்து மாதம் இருப்பார். ஒரு ஆளைக் கொண்டுவர நீங்கள் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை இந்தக் கணக்கு முடிவு செய்கிறது. விலகுகிறவர்களைப் பாதியாகக் குறைத்தாலே ஒவ்வொரு சந்தாதாரரிடமிருந்தும் கிடைக்கும் வருமானம் இரட்டிப்பாகிவிடும். அதற்கு விளம்பரம் எதுவும் தேவைப்படாது.

இது சின்னத் தொழிலுக்கு மட்டும் பொருந்தும் கணக்கு இல்லை. அமெரிக்காவில் 2012-இல் தொடங்கிய புளூ ஏப்ரன் என்ற நிறுவனம், சமைப்பதற்கான பொருள்களை அளந்து பெட்டியில் போட்டு வாராவாரம் அனுப்பியது. இந்தத் துறைக்கே அது ஒரு முன்னோடி. 2016-இல் மட்டும் மார்க்கெட்டிங்குக்கு ஏறத்தாழ 14 கோடியே 40 லட்சம் டாலர் செலவழித்தது. அந்த வருடம் வருமானம் ஏறத்தாழ 80 கோடி டாலர் வந்தும் நஷ்டத்தில்தான் முடிந்தது. 2017 முதல் காலாண்டில் அதற்குப் பத்து லட்சத்துக்கு மேல் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அதே வருடக் கடைசியில் ஏழரை லட்சத்துக்கும் கீழே போய்விட்டார்கள். புதிய கிடங்கில் ஏற்பட்ட சிக்கல், போட்டி என்று காரணங்கள் பல உண்டு. ஆனாலும் மார்க்கெட்டிங் செலவைக் குறைத்ததும் எண்ணிக்கையும் சேர்ந்தே இறங்கியது என்பதை நாம் கவனிக்க வேண்டும். சலுகை காட்டிக் கூப்பிட்டவர்களில் பலர் சலுகை முடிந்ததும் போய்விடுகிறார்கள். அந்த இடத்தை நிரப்ப மறுபடியும் சலுகை கொடுக்க வேண்டியிருக்கிறது. இது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. அவ்வளவு பணம் இருந்தவர்களே இதில் தடுமாறினார்கள் என்றால், கைக்காசைப் போட்டுத் தொடங்கும் நாம் இந்த வழியில் கால் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சரி, அப்படியானால் எங்கே தொடங்குவது? பரப்பைச் சுருக்குவதிலிருந்து. நகரம் முழுக்க டெலிவரி என்று போடும் ஆசையை விட்டுவிடுங்கள். ஒரு குடியிருப்பையோ, ஒரு தெருவையோ, ஒரு அலுவலகக் கட்டடத்தையோ தேர்ந்தெடுங்கள். பத்து வீடு பத்துத் திசையில் இருந்தால் பெட்ரோலும் நேரமும் போவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அந்தப் பத்துப் பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை. ஒரே கட்டடத்தில் பத்து வீடு என்றால், உங்கள் பை தினமும் அதே நேரத்தில் அதே லிஃப்டில் ஏறுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிறார். வாசனை வருகிறது. "இது எங்கிருந்து வாங்குகிறீர்கள்?" என்ற கேள்வி தானாகவே எழும். இந்தக் கேள்விக்கு உங்கள் வாடிக்கையாளர் சொல்கிற பதிலைவிட வலுவான விளம்பரத்தை நான் பார்த்ததில்லை. அலுவலகத்திலும் அப்படித்தான். ஒருவர் டப்பாவைத் திறந்தால் மேசையைச் சுற்றி இருக்கிற அத்தனை பேரும் பார்க்கிறார்கள்.

அதனால் பையும் டப்பாவும் முக்கியம். ஆடம்பரமாக இருக்க வேண்டாம். சுத்தமாக, ஒரே நிறத்தில், தூரத்திலிருந்து பார்த்தால் அடையாளம் தெரிவதாக இருந்தால் போதும். பெயரும் தொலைபேசி எண்ணும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். ஒரு க்யூஆர் கோடும் ஒட்டுங்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் வேறு வேறு கோடு வைத்தால் எந்த இடத்திலிருந்து விசாரணை வருகிறது என்று செலவில்லாமல் தெரிந்துகொள்ளலாம். டெலிவரிக்குப் போகிறவரின் நடத்தையும் இதில் சேரும். சந்தாதாரர் தினமும் நேரில் பார்க்கிற முகம் அவருடையதுதான். அவர் சரியான நேரத்துக்கு வந்து பெயர் சொல்லி வணக்கம் சொன்னால் அந்தக் கட்டடத்தில் உங்கள் மதிப்பு ஏறும்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். சாப்பாட்டுச் சந்தாவை ஒரு மனிதர் எப்போது தேடுகிறார்? ஒரு நல்ல விளம்பரத்தைப் பார்த்ததால் யாரும் அன்றைக்கே வீட்டுச் சமையலை நிறுத்திவிடுவதில்லை. வாழ்க்கையில் ஏதோ ஒன்று மாறும்போதுதான் தேடுகிறார்கள். வேலை மாறிப் புது ஊருக்கு வந்திருப்பார்கள். வீட்டில் குழந்தை பிறந்திருக்கும். அறுவை சிகிச்சை முடிந்து ஓய்வில் இருப்பார்கள். தனியாக வசிக்கும் பெற்றோருக்காகத் தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் கவலைப்படுவார்கள். தேர்வு நெருங்கியிருக்கும். சமையலறையில் மராமத்து நடந்துகொண்டிருக்கும். இப்படிப்பட்ட நேரத்தில் இருப்பவருக்கு உங்களைப் பற்றித் தெரிந்தால் போதும், அவரை வற்புறுத்த வேண்டியதே இல்லை.

ஆகவே இந்த மாற்றங்களை நம்மைவிட முன்னால் அறிகிறவர்கள் யார் என்று யோசியுங்கள். வீட்டுத் தரகர், வீடு மாறுகிறவர்களின் பொருள்களை ஏற்றி இறக்குபவர், பிசியோதெரபிஸ்ட், முதியோரைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புபவர், பயிற்சி வகுப்பு நடத்துபவர், சமையலறை மரவேலை செய்பவர். இவர்களில் ஐந்தாறு பேரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். கமிஷன் பேசுவதற்கு முன்னால் அவர்களையே ஒரு வாரம் உங்கள் சாப்பாட்டைச் சாப்பிடச் சொல்லுங்கள். தாங்கள் சாப்பிட்டுப் பார்த்த ஒன்றை மனிதர்கள் மனதாரச் சொல்வார்கள். வெறும் அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தால் அது மேசை இழுப்பறையில் கிடக்கும். ஒன்று மட்டும் கவனம். நோயாளிகளைப் பற்றி வரும் தகவலைக் கேட்டு வாங்காதீர்கள். உங்கள் எண்ணை அவர்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள். தேவைப்படுகிறவர் தானே அழைப்பார்.

பரிந்துரைக்குப் பரிசு கொடுப்பதா என்று பலர் கேட்கிறார்கள். கொடுக்கலாம். இணையத்தில் கோப்புகளைச் சேமித்து வைக்க இடம் தரும் டிராப்பாக்ஸ் நிறுவனத்தின் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். நண்பரைச் சேர்த்துவிட்டால் சேர்த்தவருக்கும் சேர்ந்தவருக்கும் கூடுதல் சேமிப்பிடம் கொடுத்தார்கள். 2008 செப்டம்பரில் ஒரு லட்சமாக இருந்த பயனர்கள் 2010 ஜனவரியில் 40 லட்சம் ஆனார்கள். வளர்ச்சிக்கு அது ஒன்றே காரணம் இல்லை என்றாலும் அதன் பங்கு பெரியது. அதில் நாம் கற்க இரண்டு விஷயங்கள் உண்டு. இரண்டு பக்கமும் பயன் இருந்ததால் நண்பரிடம் சொல்ல யாருக்கும் கூச்சம் வரவில்லை. அடுத்தது, பரிசாகக் கொடுத்தது பணத்தை இல்லை, தங்கள் பொருளையே கொடுத்தார்கள். நமக்கு இது அப்படியே பொருந்தும். ஒரு வேளைச் சாப்பாட்டைப் பரிசாகக் கொடுத்தால், வாங்குகிறவருக்கு அது முழு விலை மதிப்புள்ளது. உங்களுக்கோ பொருள் செலவு மட்டும்தான். அதே மதிப்புக்குப் பணமாகத் தள்ளுபடி கொடுத்தால் முழுத் தொகையும் உங்கள் கையிலிருந்து போகும். "உங்களுக்கு இரண்டு வேளை, உங்கள் நண்பருக்கு இரண்டு வேளை" என்று எளிமையாகச் சொல்லுங்கள். நண்பர் முதல் மாதச் சந்தா கட்டிய பிறகு கொடுங்கள்.

கேட்கும் நேரமும் முக்கியம். சேர்ந்த அன்றைக்கே யாரையாவது பரிந்துரைக்கச் சொல்வது பொருத்தமில்லை. "இன்றைக்குச் சாப்பாடு ரொம்ப நன்றாக இருந்தது" என்று அவரே செய்தி அனுப்புகிறார் பாருங்கள், அதுதான் கேட்கவேண்டிய தருணம். அதே தருணத்தில் கூகுளில் ஒரு மதிப்புரை எழுதவும் கேட்கலாம். ஆனால் மதிப்புரைக்குப் பரிசோ தள்ளுபடியோ கொடுக்காதீர்கள். கூகுளின் விதிகள் அதை அனுமதிப்பதில்லை. உங்கள் தொழிலைக் கூகுளில் பதிவு செய்வது இலவசம். வீட்டிலிருந்து சமைக்கிறவர்கள் முகவரியை மறைத்து, எந்தெந்தப் பகுதிக்கு அனுப்புகிறோம் என்பதை மட்டும் காட்டலாம். அரை நாள் வேலை, முடித்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் பற்றி ஒரு குறிப்பு. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்ப உதவும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். இது தெரியாமல், செய்தி அனுப்பியும் யாரும் பதில் சொல்வதில்லை என்று வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே முதல் நாளே "எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், அடுத்த வார உணவுப் பட்டியல் இதில்தான் வரும்" என்று சொல்லிவிடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் உணவுப் பட்டியலை அனுப்புங்கள். அதற்கு மேல் அனுப்பினால் தொந்தரவு. படங்கள் ஜன்னல் வெளிச்சத்தில் நீங்களே எடுத்தவையாக இருக்கட்டும். இணையத்திலிருந்து எடுத்த அழகான படத்தைப் போட்டு, டப்பாவைத் திறந்தால் வேறு மாதிரி இருந்தால், அந்த ஆள் திரும்ப வரமாட்டார்.

அப்புறம், இலவசமாக ருசி பார்க்கக் கொடுப்பது. தெருவில் போகிற எல்லோருக்கும் கொடுப்பது வீண். தேர்ந்தெடுத்த கட்டடத்தில், சங்கத்திடம் அனுமதி வாங்கி, ஒரு மாலை நேரம் கொடுங்கள். வந்தவர்களின் எண்ணை அவர்கள் சம்மதத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தபடியாக மூன்று நாள் சோதனைச் சந்தா, முழு விலைக்கு. விலையைக் குறைத்துச் சேர்த்தால் பிறகு முழு விலைக்கு அவரைக் கொண்டுவருவது கடினம். மூன்று நாள் என்பது அவருக்கும் பயமில்லாத அளவு.

சேர்ந்தவர் நிலைப்பது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில் முடிவாகிறது. மூன்றாவது சாப்பாட்டுக்குப் பிறகு நீங்களே தொலைபேசியில் கூப்பிடுங்கள். உப்பு, காரம், அளவு, வருகிற நேரம், இவற்றை மட்டும் கேளுங்கள். சொன்னதைக் குறித்துவைத்து மறுநாளே மாற்றிக் காட்டுங்கள். வெளியூர் போகிறவர் சந்தாவை ஒரு செய்தியிலேயே நிறுத்தி வைக்க வழி செய்யுங்கள். நிறுத்தி வைக்க முடியாதவர் ரத்து செய்துவிடுவார், ரத்து செய்தவரைத் திரும்ப அழைக்க இருமடங்கு உழைப்பு தேவைப்படும்.

விலகுகிறவரிடமும் ஏன் என்று தயங்காமல் கேளுங்கள். "ஒரே மாதிரி இருக்கிறது", "அளவு அதிகம், வீணாகிறது", "ஒரு மணிக்கு மேல்தான் வருகிறது" என்பார்கள். திட்டாக நினைக்காமல் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். ஒரே காரணம் மூன்று பேரிடமிருந்து வந்தால் அந்த வாரம் புது ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அதேபோல விரும்பித் தொடர்கிறவர் சொல்லும் வார்த்தையையும் எழுதுங்கள். "ஆபீஸிலிருந்து வந்து என்ன சமைப்பது என்ற கவலை போயிற்று" என்று ஒருவர் சொன்னால், அவர் அனுமதியோடு அதையே உங்கள் நோட்டீஸில் போடுங்கள். "தரமான, சுவையான, ஆரோக்கியமான" என்று நாம் உட்கார்ந்து யோசித்து எழுதும் வரிகளை எல்லோரும் எழுதுகிறார்கள். அவை யார் மனதிலும் தங்குவதில்லை.

கடைசியாகப் பணம் கட்டிச் செய்யும் விளம்பரம். அது வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும் "எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். சராசரியாக ஒருவர் எத்தனை மாதம் இருக்கிறார், மாதத்துக்கு அவரால் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது கையில் தெரியட்டும். அந்த மிச்சத்தில் ஒரு மாத அளவுக்குள் ஒரு ஆளைக் கொண்டுவர முடிகிறது என்றால் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைச் சோதித்துப் பாருங்கள். உங்கள் டெலிவரி வட்டத்துக்குள் மட்டும் தெரியும்படி இடத்தைச் சுருக்கி, ஒரு வாரம், சிறு தொகையில். அந்த விளம்பரத்தில் வந்தவர்களை நோட்டில் தனியாகக் குறித்து, மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்த பிறகு தொகையைக் கூட்டுங்கள். அதற்குள் சமையலறை தாங்கும் அளவைத் தாண்டி ஆட்கள் வந்தால், சேர்க்காமல் காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதி, இடம் வந்ததும் அழைப்பதாகச் சொல்லுங்கள்.

கேட்டுக்கொண்டிருந்த அனைவருக்கும் நன்றி. வணக்கம்.